கரடித் தலைக்குள் ஒரு பிற்பகல்

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் எமது பங்கின் இளைஞர் நால்வர் எம் அறைக்கு வந்தனர். ஆண்டு விழாக் கணக்கு ஒப்படைக்க வந்தவர்கள், கணக்கு முடிந்ததும் எழுந்து செல்லாமல் ஒருவரையொருவர் பார்த்து நகைத்துக்கொண்டிருந்தனர். காரணம் வினவினோம். ஒருவன் சற்றே தயங்கித் தன் கைப்பேசியை எம்முன் நீட்டினான். அதிலே ஒரு காட்சி. ஒன்பது அடி உயரமுள்ள வெள்ளை அன்னம் ஒன்று, எதிரே நின்ற சிங்கத்தின் தலையைக் கழற்றி எடுத்து, அதனைப் பந்தென எண்ணி ஓங்கி உதைத்துப் பார்வையாளர் கூட்டத்தை நோக்கி அனுப்பியது. தலையிழந்த சிங்கத்தின் கழுத்திலிருந்து ஒரு சாதாரண மனிதத் தலை விழித்துக்கொண்டிருந்தது!

“சாமி, விளையாட்டுத் திடலில் இப்படியும் நடக்குமா?” என்றான் அவன்.

நாம் சிரித்தோம். அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே சிரித்தோம். கண்ணில் நீர் வரும்வரை சிரித்த எம்மை அவர்கள் வியப்போடு நோக்கினர். அவர்களிடம் நாம் கூறாத ஒரு செய்தி உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எவரிடமும் கூறாத அச்செய்தியை இன்று இம்மடலின் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம். ஒரு காலத்தில், ஒரே ஒரு பிற்பகல் பொழுது, நாமும் அத்தகைய தலை ஒன்றுக்குள் இருந்தோம்.

அதற்கு முன் சிறிது விளக்கம் வேண்டும். மேலைநாடுகளில் கால்பந்துக் கழகம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விலங்கையோ பறவையையோ சின்னமாகக் கொண்டு, அதன் வேடத்தை ஒருவருக்கு அணிவித்துத் திடலில் உலவ விடுவது வழக்கம். இதனை ‘மாஸ்காட்’ என்பர். பிரெஞ்சு மொழியில் நற்பேறு கொணர்வது என்னும் பொருளில் வழங்கிய இச்சொல்லை, 1880ஆம் ஆண்டு எட்மோன் ஓட்ரான் என்பவர் இயற்றிய இசை நாடகம் ஒன்று உலகெங்கும் பரப்பிற்று. உலகக் கோப்பைப் போட்டிகளுக்கு இவ்வழக்கம் 1966இல் இங்கிலாந்தில் வந்தது. ‘வில்லி’ என்னும் சிங்கமே அங்கு முதற் சின்னம்.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தார் வேடத்தோடு நிறைவு கொள்ளவில்லை. அவர்களுக்கு உயிருள்ள ஆட்டுக்கிடாயே வேண்டும். 1950இல் சர்க்கஸ் நடத்திவந்த ஓர் அம்மையார் அக்கழகத்துக்கு ஒரு கிடாயைப் பரிசளித்தார். அப்போது அணியின் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் விளங்கிய ஹென்னஸ் வைஸ்வைலரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. தம் பெயரை ஓர் ஆட்டுக்கு வைத்ததற்காகச் சினங்கொள்ளாத அப்பெருந்தன்மையாளரை நினைத்து நாம் வியப்பதுண்டு. அரசர்க்குரிய முறையில் எண்ணிட்டு வழங்கும் அக்கிடாய் மரபில், 2019 முதல் பதவியில் இருப்பவர் ஒன்பதாம் ஹென்னஸ். இவருக்கு முந்திய எட்டாம் ஹென்னஸின் கொம்புகளை, 2015இல் கோல் அடித்த மகிழ்ச்சியில் அந்தோனி உஜா என்னும் ஆட்டக்காரர் பற்றி இழுத்துவிட்டார். பிறகு ஆட்டிடம் மன்னிப்பும் கோரினார். மனிதனிடம் மன்னிப்புக் கேட்கத் தயங்குவோர் மலிந்த உலகில் இது சிறிய செய்தியன்று.

உயிருள்ள ஆடுகள் இவ்வாறு அமைதியாய் இருக்க, வேடமணிந்த மாந்தர்தாம் கட்டுக்கடங்காமற் போயினர். இளைஞர் எமக்குக் காட்டிய அன்னத்தின் பெயர் சிரில். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரக் கழகத்தைச் சார்ந்தது. 1998இல் தன் அணி கோல் அடித்த களிப்பில் ஆட்டத்தின் நடுவே திடலுக்குள் ஓடியது. அதன் விளைவாக 1999இல் வேல்ஸ் கால்பந்துச் சங்கம் அதற்கு ஆயிரம் பவுன் அபராதம் விதித்தது. தண்டனையால் திருந்தியதா? இல்லை. சிங்கத்தின் தலையை உதைத்தது 2001இல்.

பிரிஸ்டல் நகரில் 1998ஆம் ஆண்டு நவம்பரில் நடந்ததோ அதனினும் விந்தை. உல்வர்ஹாம்ப்டன் கழகத்தின் சின்னம் ஓநாய். அன்று இடைவேளையில், சன்னற் கண்ணாடி விற்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்காக மூன்று பன்றிக்குட்டிகளின் வேடத்தில் மூவர் திடலில் நின்றனர். ஓநாயும் மூன்று பன்றிக்குட்டிகளும் என்றால் அந்நாட்டுக் குழந்தைகள் அனைவரும் தொட்டிலிலேயே கேட்ட கதை. கதை மெய்யாயிற்று. ஓநாய்க்கும் பன்றிகளுக்கும் கைகலப்பு மூண்டது. காவலர்கள் ஓடிவந்து விலக்க வேண்டியதாயிற்று.

இலண்டன் மாநகரக் காவல் துறையை 1829இல் நிறுவிய இராபர்ட் பீல் பிறந்த ஊர் பரி. ஆங்கிலேயர் காவலரைச் செல்லமாக ‘பாபி’ என அழைப்பது அவர் பெயரை ஒட்டியே. ஆகையால் அவ்வூர்க் கழகத்தின் சின்னமும் ஒரு காவலரே. சட்டத்தைக் காக்க வேண்டிய அக்காவலர், 2001ஆம் ஆண்டில் மட்டும் மூன்று முறை திடலைவிட்டு வெளியேற்றப்பட்டார்!

இவற்றையெல்லாம் படித்துச் சிரிப்பது எளிது. 2002இல் நாம் சிரிக்கும் நிலையில் இல்லை.

குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையை ஒட்டிய ஒரு சிற்றூர்ப் பங்கில் தங்கியிருந்தோம். பங்குத்தந்தை எழுபதைக் கடந்த ஐரிஷ் நாட்டவர். நல்லவர், பேச்சைக் காட்டிலும் தேநீரில் நம்பிக்கை மிகுந்தவர். மக்களும் நல்லவர்களே. எனினும் எம் ஆங்கிலம் அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களுடைய வட்டாரப் பேச்சு எமக்கு விளங்கவில்லை. திருப்பலி முடிந்ததும் கோயில் வாயிலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுப்போம். “நல்ல மறையுரை, ஃபாதர்” என்பார்கள். என்ன கூறினோம் என்று கேட்டால் விழிப்பார்கள். எங்கள் கன்னங்களைக் காட்டிலும் கருமையான கன்னத்தை அருகில் கண்டிராத குழந்தைகள் தாயின் பின்னே ஒளிவார்கள். அவர்களுள் ஒரு சிறுவன், ஆறு வயதிருக்கும், ஞாயிறு தவறாமல் தாயின் மேலங்கிக்குள் முகம் புதைத்துக்கொள்வான். அவன்மீது எமக்குக் கோபமில்லை. ஆயின் ஒவ்வொரு ஞாயிறும் அவன் முகம் மறையும்போது, எம் உள்ளத்தில் ஏதோ ஒன்றும் உடன் மறைந்தது.

குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அத்தகைய ஓர் இருட்டில் எம் ஆயருக்குக் கடிதம் எழுதினோம். உடல்நலம், தட்பவெப்பம் என்று காரணங்களை அடுக்கி, எம்மைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு வேண்டியிருந்தோம். மெய்யான காரணத்தை மட்டும் எழுதவில்லை. அக்கடிதம் அஞ்சலில் சேராமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. வெயிற்காலம் வந்ததும் அனுப்பலாம் என்று முடிவு செய்திருந்தோம்.

அவ்வாண்டு மே மாதத்தில் அண்மையிலுள்ள ஹார்ட்டில்பூல் நகரில் ஒரு தேர்தல் நடந்தது. அவ்வூர்க் கால்பந்துக் கழகத்தின் சின்னம் ‘ஹேங்கஸ்’ என்னும் குரங்கு. நெப்போலியன் போர்க் காலத்தில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அக்கரையில் உடைந்ததாகவும், சீருடை அணிந்து உயிர் தப்பிய குரங்கு ஒன்றைப் பகைநாட்டு ஒற்றன் என எண்ணி ஊரார் தூக்கிலிட்டதாகவும் ஒரு கதை உண்டு. அயலூரார் பழித்துக் கூறிய கதையையே அவ்வூரார் பெருமைச் சின்னமாக்கிக்கொண்டனர். அக்குரங்கு வேடம் அணிந்துவந்த ஸ்டூவர்ட் டிரம்மண்ட் என்னும் இருபத்தெட்டு வயது இளைஞர் நகரத் தலைவர் பதவிக்கு நின்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்பது அவர் முழக்கம். அவரே வென்றார்!

மறுநாட் காலை உணவின்போது நாம் பொருமினோம். “குரங்குக்கு வாக்களிக்கும் மக்களிடையே மறையுரை ஆற்றி என்ன பயன்?” என்றோம். முதியவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கூறினார்: “ஃபாதர், அந்த ஊரார் ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கள் அணி தோற்பதைப் பார்க்கப் போகிறவர்கள். அப்போது அவர்களைச் சிரிக்க வைத்தவன் அவன் ஒருவன்தான். மற்ற வேட்பாளர்கள் எவரும் அவர்களுக்கு அதுகூடச் செய்யவில்லை.” நாம் விடை கூறவில்லை. உள்ளத்திலும் ஏற்கவில்லை.

சூலை மாதம் பங்குப் பள்ளியில் கோடைச் சந்தை. பள்ளியின் கூரை ஒழுகியது. அதனைப் பழுதுபார்க்கப் பணம் திரட்ட வேண்டும். ஊரிலிருந்த சிறு கால்பந்துக் கழகம் தன் கரடி வேடத்தை ஒருநாள் இரவலாகத் தர இசைந்தது. கரடி இலக்குக் காவலராக நிற்கும். பிள்ளைகள் ஐம்பது பென்ஸ் கொடுத்துக் கரடிக்கு எதிராகப் பந்தடிக்கலாம். வேடம் அணிய வேண்டிய இளைஞனுக்கு அன்று காலை கணுக்கால் சுளுக்கிவிட்டது. அவ்வேடம் உயரம் குறைந்தவர்க்கே பொருந்தும். முதியவர் எம்மை மேலும் கீழும் நோக்கினார். அந்நோக்கின் பொருளை உணர்ந்ததும் எம் முகம் சிவந்தது.

“இயலாது” என்றோம். குருவின் மாண்பு, குருமடத்தில் கற்ற ஒழுங்கு, மக்கள் என்ன நினைப்பர் என்றெல்லாம் எடுத்துரைத்தோம். அவர் முழுவதையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, “உள்ளே இருப்பது யார் என்று எவருக்கும் தெரியாது” என்றார். “உங்கள் பேச்சும் அங்கே தேவைப்படாது. கரடி பேசக் கூடாது.”

பேச வேண்டியதில்லை என்ற சொல்லே எம்மை வென்றது என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றோம்.

அன்பார்ந்த வாசகர்களே, கரடித் தலைக்குள் நீங்கள் இருந்திருக்கமாட்டீர்கள். அங்கே எமக்கு முன் வியர்த்த அனைவரின் வியர்வையும் மணந்துகொண்டிருந்தது. கண்கள் இருக்கும் இடத்தில் கண்கள் இல்லை. கரடியின் வாயில் கட்டிய கறுப்பு வலையின் வழியேதான் உலகைக் காணவேண்டும். அதுவும் நேர் எதிரே இருப்பது மட்டுமே தெரியும். காலடி தெரியாது. ஆகவே ஒரு மாணவன் கைப்பிடித்து எம்மை நடத்திச் சென்றான். அவன் ஒரு கணம் கையை விட்டபோது நாம் கேக் விற்கும் மேசையின் மேல் நடந்துவிட்டோம். ஸ்ட்ராபெர்ரிப் பழக் கேக் ஒன்று கரடியின் பாதத்தோடு ஒட்டிக்கொண்டது. கூட்டம் ஆரவாரித்தது. அவ்வூரில் நாம் செய்த எதற்கும் அத்தகைய வரவேற்பு அதுவரை கிட்டியதில்லை!

பிறகு இலக்கில் நின்றோம். இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். குருமட நாள்களில் நாம் நல்ல இலக்குக் காவலர். முதற் சிறுவன் அடித்த பந்தைப் பிடித்தோம். இரண்டாவதையும் பிடித்தோம். மூன்றாவதைப் பாய்ந்து தட்டினோம். ஒரு வெளிநாட்டு மண்ணில் நாமும் வல்லவர் என்று காட்டும் வாய்ப்பு வந்துவிட்டதென எண்ணி ஒன்பது பந்துகளைத் தடுத்துவிட்டோம். வலையின் வழியே பார்த்தால் வரிசை குறைந்துகொண்டு வந்தது. பிள்ளைகளின் முகங்கள் வாடியிருந்தன. அப்போது இலக்குக் கம்பத்தின் பின்னாலிருந்து முதியவரின் குரல் மெல்ல எழுந்தது:

“ஃபாதர், கரடி தோற்க வேண்டும். அதற்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள்.”

குருமடத்தில் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்றோம். அவ்வளவு சுருக்கமாக எமக்கு எவரும் பாடம் சொன்னதில்லை. அடுத்த பந்துக்கு எதிர்ப்பக்கம் விழுந்தோம். அடுத்ததற்குக் குப்புற விழுந்தோம். அதற்கடுத்ததைக் கால்களுக்கிடையே விட்டுவிட்டு, அது எங்கே போயிற்று என்று வானத்தில் தேடினோம். வரிசை வளர்ந்தது, ஐம்பது பென்ஸ் நாணயங்கள் தகரப் பெட்டியில் விழும் ஓசை இடைவிடாமல் கேட்டது.

அவ்வரிசையில் அச்சிறுவன் வந்தான். தாயின் மேலங்கி அருகில் இல்லை. அவன் உதைத்த பந்து புல்லில் தவழ்ந்து வந்தது. ஓர் ஆமை அதனை முந்தியிருக்கும். அப்பந்து கோட்டைக் கடப்பதற்குள் நாம் மூன்று முறை விழுந்தெழ வேண்டியிருந்தது. கடந்ததும் அவன் கத்திக்கொண்டே ஓடிவந்து கரடியின் காலை இறுகக் கட்டிக்கொண்டான். அண்ணாந்து பார்த்து, “நீ நல்ல கரடி. நாளைக்கும் வருவாயா?” என்றான்.

கரடி பேசக் கூடாது. ஆகவே தலையை அசைத்தோம். எம் ஊர் வழக்கப்படி, ஆம் என்றும் இல்லை என்றும் சரி என்றும் பொருள்படும்படி, இருபுறமும் மெல்ல ஆட்டினோம். அப்பெருந்தலை ஆடியதைக் கண்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வலைக்குள்ளே எம் கண்கள் கலங்கின. வியர்வை என்று அன்று எண்ணிக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல் கோயில் வாயிலில் நின்றோம். அவன் வழக்கம்போல் தாயின் பின்னே ஒளிந்தான். எமக்குச் சுருக்கென்றது. நேற்றுக் கட்டிக்கொண்டது கரடியையே அன்றி எம்மையன்று. முகமூடிக்குக் கிடைத்த அன்பை முகத்துக்குக் கேட்பது முறையா? ஆகாது என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறன்று அவன் தாய் எம்மிடம், “அடுத்த ஆண்டும் சந்தைக்கு இங்கே இருப்பீர்களா, ஃபாதர்?” என்று கேட்டார். இழுப்பறையில் கிடந்த கடிதம் நினைவுக்கு வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை இருபுறமும் மெல்ல ஆட்டினோம்.

மேலங்கியின் மடிப்பிலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. பிறகு மற்றொரு கண். பிறகு முகம் முழுவதும் வந்தது. அவன் எம்மை அடி முதல் தலை வரை அளந்தான். அருகே வந்து அங்கியின் கைப்பகுதியைப் பற்றி இழுத்தான். குனிந்தோம். எம் செவியில் மிக மெல்லிய குரலில், “கரடி நீங்கள்தானே?” என்றான்.

பொய் கூறலாகாது, கரடியின் விதியையும் மீறலாகாது. விரலை உதட்டின் மேல் வைத்தோம். அவனும் தன் விரலை உதட்டின் மேல் வைத்தான். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வாயிலில் எமக்குள் அந்த ஒரு சைகையே உரையாடலாயிற்று. அவன் அஞ்சவில்லை என்பதைக் கண்ட மற்றப் பிள்ளைகளும் காரணம் அறியாமலேயே அருகில் வந்தனர். பிள்ளைகள் வந்த இடத்துக்குப் பெற்றோரும் வந்தனர். ஆயருக்கு எழுதிய கடிதத்தின் பின்புறத்தில் அடுத்த ஞாயிற்றுக்கான மறையுரைக் குறிப்பை எழுதினோம். படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தோம்.

குரங்குக்கு வாக்களித்த மக்களைப் பற்றியும் எம் எண்ணம் மாறிற்று. டிரம்மண்ட் குரங்கு வேடத்தைக் களைந்து பொறுப்போடு பணியாற்றினார். 2005இலும் 2009இலும் அம்மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 2012இல் நடந்த வாக்கெடுப்பின்படி அப்பதவியே 2013இல் நீக்கப்படும்வரை அவரே அதில் இருந்தார். வேடத்தைக் கண்டு மனிதனை இகழ்ந்தவர் நாம்; வேடத்தினுள்ளே மனிதனைக் கண்டவர்கள் அவர்கள்.

மற்றுமொரு செய்தி. இலண்டனின் ஆர்சனல் கழகத்துக்கு 1993இல் ஒரு பதினொரு வயதுச் சிறுவன் வரைந்து தந்த சின்னம் ‘கன்னர்சாரஸ்’ என்னும் பச்சை டைனோசர். அவ்வேடத்தை இருபத்தேழு ஆண்டுகள் ஒரே மனிதர் அணிந்துவந்தார். கொள்ளைநோயால் திடல்கள் வெறுமையான 2020ஆம் ஆண்டு அக்டோபரில், செலவைக் குறைக்கும்பொருட்டு அவரைப் பணியிலிருந்து விடுவிக்கக் கழகம் முடிவு செய்தது. செய்தி பரவியதும் உலகெங்கும் மக்கள் வருந்தினர். அக்கழகத்தின் ஆட்டக்காரர் மெசுட் ஓசில் அவருடைய ஊதியத்தைத் தாமே தருவதாக முன்வந்தார். நவம்பரில் டைனோசர் திரும்பி வந்தது. ஆயின் பலர் முறைவைத்து அணியும் ஏற்பாட்டோடு வந்தது. இருபத்தேழு ஆண்டுகள் உள்ளே வியர்த்தவரின் முகத்தை மக்கள் அறிந்துகொண்டது அவர் போகும்போதுதான்.

எமது இல்லங்களிலும் இத்தகையோர் உளர். தம் களைப்பை வெளிக்காட்டாது பிள்ளைகளுக்கு யானையாகவும் குதிரையாகவும் மாறும் தந்தையர், தாயம் ஆடுகையில் பேரனிடம் வேண்டுமென்றே தோற்கும் பாட்டியர், வீட்டின் துயரை முந்தானைக்குள் முடிந்துகொண்டு சிரித்த முகத்தோடு சோறு பரிமாறும் தாயர். அவர்கள் பேசுவதில்லை. உள்ளே எவ்வளவு வெப்பம் என்று எவரும் கேட்பதுமில்லை. ஒருநாளேனும் அவர்கள் காதருகே குனிந்து, “அது நீங்கள்தானே?” என்று கேட்டுப் பாருங்கள்.

அவ்விளைஞர் நால்வரும் அடுத்த ஞாயிறு இம்மடலைப் படிப்பர். ஆண்டு விழாவில் வேடமணிய ஆள் தேடி எம்மிடமே வரக்கூடும். முன்கூட்டியே விடை கூறிவிடுகின்றோம்: தலையை இருபுறமும் மெல்ல ஆட்டுவோம். பொருளை அவர்களே உணர்ந்துகொள்ளட்டும்.